செய்தி ஃபீல்டிலிருந்து பயனர் பெயரை மட்டும் எடுக்க ரெஜெக்ஸ் எப்படி எழுதுவது?

மாலைநிரல்:

வணக்கம். ஸ்பிளங்க்கில் (லாக் தேடும் மென்பொருள்) ஒரு தேடல் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்கு ரெஜெக்ஸ், அதாவது உரையில் தேடும் வடிவக் குறிப்பு, வேண்டும். எங்கள் செயலி எழுதும் லாக்கில் 'செய்தி' என்று நீளமான ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டுதான். பயனர் பெயருக்குத் தனி ஃபீல்டு கிடையாது. யாருக்கு நுழைவு அதிகம் தோல்வியடைகிறது என்று பெயர்வாரியாக எண்ண வேண்டும். வரிகள் இப்படி இருக்கும் (பெயர்களை மாற்றியிருக்கிறேன்):

நுழைவு பயனர்=முருகன், முனையம்=14, நிலை=சரி
நுழைவு பயனர்="கயல்விழி செல்வம்", முனையம்=3, நிலை=தவறு
மாற்றம் முன்பயனர்=செல்வி, பயனர்=முருகன், முனையம்=14
ஒதுக்கீடு கோரிக்கை=4471 பெறுவோர்: செல்வி, முருகன், கௌரி

ஸ்பிளங்க்கில் ரெஜெக்ஸை ஓட்டும் ரெக்ஸ் கட்டளையில் நான் கொடுத்தது:

பயனர்=(?<பெயர்>.*),

முதல் வரியில் 'முருகன்' வரும் என்று பார்த்தால் 'முருகன், முனையம்=14' என்று வருகிறது. பெயர் மட்டும் வர என்ன செய்ய வேண்டும்?

கோடுபின்னல்:

நட்சத்திரக் குறிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடுங்கள், சரியாகிவிடும்.

பயனர்=(?<பெயர்>.*?),

புள்ளி-நட்சத்திரம் எவ்வளவு நீளம் முடியுமோ அவ்வளவும் விழுங்கிவிட்டு, கமா கிடைக்கும்வரை பின்னால் வரும். அதனால் வரியின் கடைசிக் கமாவில் போய் நிற்கிறது. கேள்விக்குறி சேர்த்தால் முதல் கமாவிலேயே நின்றுவிடும். அப்புறம் ஒன்று, அடைப்புக்குள் எடுக்கும் துண்டுக்கு, அதாவது குழுவுக்கு, வைத்த பெயரை இங்கே தமிழில் எழுதியிருக்கிறீர்கள். நிஜத் தேடலில் அதை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். எல்லாக் கருவியும் தமிழை ஏற்காது.

ஆழ்தரவு:

கேள்விக்குறி இப்போதைக்கு வேலை செய்யும். ஆனால் பழக்கமாக்கிக்கொள்ள நான் சொல்லமாட்டேன். என் பரிந்துரை இது:

பயனர்=(?<பெயர்>[^,]+)

'கமா அல்லாத எழுத்துகள் எத்தனை இருந்தாலும் எடு' என்று பொருள். இரண்டும் ஒரே விடையைத்தானே தருகின்றன என்று தோன்றும். பேட்டர்ன் வளரும்போதுதான் வித்தியாசம் தெரியும். தோல்விகளை மட்டும் பிடிக்க நீங்கள் இப்படி நீட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்:

பயனர்=(.*?), நிலை=தவறு

நடுவில் 'முனையம்=3' இருக்கிறது. முதல் கமாவில் பொருந்தவில்லை என்றதும் அந்தக் கேள்விக்குறி (சோம்பேறிக் குறி என்பார்கள்) அங்கேயே நிற்காது. பொருந்தும்வரை நகர்ந்துகொண்டே போகும். கடைசியில் பெயரோடு முனைய எண்ணையும் சேர்த்துக் கொடுக்கும். எச்சரிக்கை எதுவும் வராது, அட்டவணையில் விசித்திரமான ஒரு 'பெயர்' மட்டும் உட்கார்ந்திருக்கும். அதே இடத்தில் [^,]+ எழுதியிருந்தால் கமாவைத் தாண்ட அதற்கு அனுமதியே இல்லை. பொருந்தாமல் போகும், பெயர் காலியாக வரும். காலியாக இருப்பதை நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். தவறாக நிரம்பியிருப்பதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டையும் சேர்த்து வேண்டுமானால்:

பயனர்=([^,]+),.*நிலை=தவறு

பொதுவாகவே 'பெயர் எப்படி இருக்கும்' என்று பேட்டர்னில் விவரிக்க வேண்டாம். பெயருக்கு முன்னால் என்ன வருகிறது, எங்கே முடிகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். எல்லையை எழுதியது உங்கள் செயலி, அது மாறாது. பெயரை எழுதுவது மனிதர்கள். அதில் இடைவெளி வரும், புள்ளி வரும், இணைப்புக்கோடு வரும், எண்கூட வரும்.

நுண்துகள்:

ஆழ்தரவு சொல்வது சரி. ஆனால் மூன்றாவது வரியை யாரும் கவனிக்கவில்லை. 'முன்பயனர்=செல்வி' என்பதற்குள்ளேயே 'பயனர்=' இருக்கிறது. ரெஜெக்ஸ் இடமிருந்து தேடும், முதலில் கிடைப்பது அதுதான். ஆக அந்த வரியில் முருகனுக்குப் பதில் செல்வி கணக்கில் ஏறுவார். விடை பார்க்கச் சுத்தமான பெயராக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. முன் எல்லையும் வேண்டும்:

(?:^|[ ,])பயனர்=([^,]+)

வரித் தொடக்கம், இடைவெளி, கமா, இவற்றில் ஒன்றுக்குப் பின்னால் 'பயனர்=' வந்தால் மட்டும் எடுக்கும்.

மாலைநிரல்:

நன்றி ஆழ்தரவு அண்ணா, நன்றி நுண்துகள். மூன்றாவது வரி எனக்கும் தெரியாமலே போயிருக்கும். முன் எல்லைக்கு 'சொல் எல்லை' குறி (பின்சாய்கோடு, பி) போட்டால் போதாதா? ஆங்கில லாக்கில் அதைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். இன்னொரு கேள்வி: பெயரை எடுக்கப் பின்சாய்கோடு-டபிள்யூ (சொல்லில் வரும் எழுத்தைக் குறிப்பது) எழுதி, பின்னால் கூட்டல் குறியும் போட்டுப் பைத்தானில் சோதித்தேன். 'முருகன்' என்று கொடுத்தால் 'ம' மட்டும் வருகிறது. ஏன்?

வரிவடிவம்:

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழ்த் தரவில் ரெஜெக்ஸ் போடும் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது முட்டிக்கொள்வார்கள்.

யூனிகோடில் 'முருகன்' ஏழு குறியீடுகள்: ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி. ம, ர, க, ன ஆகியவை 'எழுத்து' வகை. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 'ஒட்டுக் குறி' என்ற வேறு வகை. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் நூலகத்தில் டபிள்யூ என்பது எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டும் ஏற்கும், ஒட்டுக் குறியை ஏற்காது. அதனால் 'ம' வந்ததும் நின்றுவிடுகிறது. எல்லாப் பொருத்தங்களையும் கேட்டால் 'ம', 'ர', 'கன' என்று மூன்று துண்டு கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்னும் மோசம். அங்கே டபிள்யூ என்றால் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே, தமிழ் ஒரு எழுத்துகூடப் பொருந்தாது. ஜாவாவிலும் தனியாக யூனிகோடு விருப்பக் கொடியைப் போடாவிட்டால் இதே கதைதான்.

சொல் எல்லைக் குறி இந்த டபிள்யூவை வைத்தே கணக்கிடப்படுகிறது. எனவே பைத்தானில் 'முருகன்' என்ற ஒரே சொல்லுக்குள் அதற்கு நாலைந்து 'எல்லை' தெரியும். 'முன்பயனர்' விஷயத்தில் 'முன்' புள்ளியில் முடிகிறது, அடுத்து 'ப'. அந்த இடமும் எல்லை என்றே எண்ணிக்கொண்டு பொருத்திவிடும். நீங்கள் தவிர்க்க நினைத்தது அப்படியே நடக்கும். நுண்துகள் எழுதிய மாதிரி வெளிப்படையாக எழுதுவதே பத்திரம்.

தமிழ் எழுத்து வரிசையைத்தான் பிடிக்க வேண்டும் என்றால், யூனிகோடு முறையில் இயங்கும் இன்ஜினில் (ரெஜெக்ஸை இயக்கும் நிரல்) இப்படி எழுதலாம்:

[ஃ-௺]+

ஆய்தத்தில் தொடங்கித் தமிழ்த் தொகுதியின் கடைசி வரை. உயிர், மெய், குறிகள், புள்ளி எல்லாம் இதற்குள் அடங்கும். தமிழ் எண்களும் உள்ளே வந்துவிடும், பெயர் எடுக்கும் வேலைக்கு அது பெரிய தொந்தரவில்லை. பைத்தானில் 'ரெஜெக்ஸ்' என்ற பெயரிலேயே தனியாக நிறுவக்கூடிய நூலகம் ஒன்று உண்டு. அதில் டபிள்யூ ஒட்டுக் குறிகளையும் சேர்த்தே பார்க்கும்.

கோடுபின்னல்:

இது எனக்கும் புதிது. அப்போது மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயருக்கு இப்படிப் போடலாமா?

பயனர்="?([^",]+)"?

மேற்கோள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுக்கும்.

ஆழ்தரவு:

பெரும்பாலும் எடுக்கும். ஆனால் மேற்கோள் குறி எதற்கு இருக்கிறது என்று யோசியுங்கள் கோடுபின்னல். உள்ளே கமா வரலாம் என்பதால்தான் செயலி மேற்கோள் போடுகிறது. பயனர்="செல்வம், கயல்விழி" என்று ஒரு வரி வந்தால் 'செல்வம்' மட்டும் கிடைக்கும். இரண்டு வடிவத்தையும் தனித்தனியாகச் சொல்வதுதான் சரி:

(?:^|[ ,])பயனர்=(?:"(?<பெயர்1>[^"]+)"|(?<பெயர்2>[^,"]+))

மேற்கோள் இருந்தால் மூடும் மேற்கோள் வரை, இல்லாவிட்டால் கமா வரை. இரண்டாவது கிளையில் மேற்கோளையும் விலக்கியிருக்கிறேன், அதைக் கழற்றிவிடாதீர்கள். விடை இரண்டு ஃபீல்டில் வரும். ஸ்பிளங்க்கில் கோயலஸ் ஃபங்ஷன் போட்டால் இரண்டில் எது நிரம்பியிருக்கிறதோ அது கிடைக்கும். பெர்ல், பிசிஆர்ஈ (பெர்ல் பாணி ரெஜெக்ஸ் நூலகம்) இன்ஜின்களில் (?| என்று தொடங்கும் அடைப்பைப் போட்டு ஒரே குழுவாக்கவும் வழி உண்டு. பைத்தானோடு வரும் நூலகத்திலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் அது இல்லை, அதனால் நான் இரண்டு பெயர் வழியையே விரும்புகிறேன்.

ஒரு நுணுக்கம். புள்ளி பொதுவாகப் புதுவரியைத் தாண்டாது, ஆனால் [^,] தாண்டும். புதுவரியும் 'கமா அல்லாத எழுத்து'தானே! ஒரே நிகழ்வு பல வரியில் வந்து, பயனர் பெயர் வரியின் கடைசியில் கமா இல்லாமல் முடிந்தால், அடுத்த வரியையும் சேர்த்து அள்ளிவிடும். உங்கள் லாக்கில் அப்படி வருமென்றால் சதுர அடைப்புக்குள் புதுவரிக் குறியையும் சேருங்கள், முன் எல்லை அடைப்பிலும் சேருங்கள்.

மாலைநிரல்:

சேர்த்துவிட்டேன், வேலை செய்கிறது. அடுத்து நான்காவது வரி. 'பெறுவோர்:' என்பதற்குப் பின்னால் எத்தனை பெயர் வரும் என்று தெரியாது. குழுவைத் திரும்பத் திரும்ப வருமாறு எழுதினேன்:

பெறுவோர்:(?: (?<பெயர்>[^,]+),?)+

கடைசிப் பெயரான 'கௌரி' மட்டும் கிடைக்கிறது.

நுண்துகள்:

திரும்ப வரும் குழுவில் ஒவ்வொரு சுற்றிலும் பழைய மதிப்பு அழிந்து புதியது எழுதப்படும். பெரும்பாலான இன்ஜின்கள் கடைசிச் சுற்றை மட்டுமே வைத்திருக்கும். டாட்நெட் போன்ற சில மட்டும் எல்லாச் சுற்றையும் சேமித்துத் தரும்.

இரண்டு படியாகச் செய்யுங்கள். முதலில் பட்டியல் முழுவதையும் ஒரே துண்டாக எடுங்கள்:

பெறுவோர்: (?<பட்டியல்>.+)

பிறகு அந்தத் துண்டைக் கமாவில் பிளந்துகொள்ளுங்கள், ஸ்பிளிட் ஃபங்ஷன் இருக்கிறது. ரெக்ஸ் கட்டளையிலேயே எல்லாம் வேண்டுமென்றால் மேக்ஸ்-மேட்ச் அளவுரு உண்டு. இயல்பாக அது 1, முதல் பொருத்தத்தோடு நிறுத்திவிடும். 0 என்று கொடுத்தால் எல்லாப் பொருத்தங்களையும் பல்மதிப்பு ஃபீல்டாகத் தரும். ஆனால் பட்டியலை முதலில் தனியே எடுத்த பிறகே அதைப் பயன்படுத்துங்கள். முழுச் செய்தியின் மேல் போட்டால் வேறு கமாக்களுக்கு இடையில் இருப்பதும் பெயராகிவிடும்.

பிளந்ததும் முன்பின் இடைவெளியை வெட்டிவிடுங்கள். ' முருகன்', 'முருகன்' இரண்டும் எண்ணிக்கையில் இரண்டு ஆள்.

வரிவடிவம்:

'கௌரி' என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயரை எண்ணிப் பாருங்கள், ஒரே ஆள் இரண்டு மூன்று வரிசையாக வந்தாலும் வரலாம்.

ஔகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடு. கொம்பும் வலப்பக்கக் குறியும் இரண்டு குறியீடாக வந்தாலும் திரையில் அதேபோலத்தான் தெரியும். 'ொ', 'ோ' இரண்டும் இதே வகை, ஒன்றாகவும் வரலாம், இரண்டாகவும் வரலாம். இதை யூனிகோடு தரப்படுத்தல் சரிசெய்யும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

ஆனால் நிறையப் பேர் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு 'ள' எழுத்தைத் தட்டுகிறார்கள்: கெளரி, செளந்தர்யா. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு சொல். இதை என்எஃப்சி தொடாது. எல்லா 'ெள'வையும் மாற்றிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், 'வெள்ளையன்' கெட்டுப்போவார். 'ஸ்ரீ'யும் அப்படித்தான். 'ஸ' போட்டும் எழுதலாம், 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த 'ஶ' போட்டும் எழுதலாம். விசைப்பலகையைப் பொறுத்து மாறும். ஸ்ரீதரும் ஶ்ரீதரும் ஒருவரே என்று ரெஜெக்ஸுக்குத் தெரியாது.

இதற்குப் பேட்டர்னை வளைக்க வேண்டாம். எடுத்து முடித்தபின், 'இந்த எழுத்துவடிவம், இந்தப் பெயர்' என்று ஒரு சிறு லுக்கப் அட்டவணை வைத்து இணைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

தரவோடை:

இழையை இப்போதுதான் படித்தேன். என் பிரச்சினை இதைவிடச் சிக்கல். எங்கள் குறிப்பு ஃபீல்டில் ஊழியர்கள் கையால் எழுதுகிறார்கள்: 'முருகன் சொன்னபடி செல்வியிடம் மாற்றிவிட்டேன்', 'கயலுக்குத் தகவல் சொல்லியாயிற்று'. சமக்குறியும் இல்லை, கமாவும் இல்லை. ஆங்கிலக் குறிப்பில் பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களை எடுத்தால் ஓரளவு பெயர் சிக்கும். தமிழில் என்ன செய்வது? இப்படி முயன்றேன், ஒன்றும் வரவில்லை:

([ஃ-௺]+)(?:இடம்|உக்கு|ஆல்)

வரிவடிவம்:

வராது தரவோடை. 'செல்வியிடம்' என்பதில் 'இ' என்ற உயிரெழுத்தே இல்லை, 'யி' இருக்கிறது. 'முருகனுக்கு' என்பதில் 'உ' இல்லை, னகரத்தின் மேல் உகரக் குறி இருக்கிறது. வேற்றுமை உருபு பெயரோடு புணர்ந்துவிடுகிறது. புணர்ந்த வடிவத்தை எழுதினாலும் 'அலுவலகத்திடம்', 'நேற்றைக்கு' எல்லாம் பெயராகிவிடும்.

பெயர்ப் பட்டியல் கையில் இருக்கிறதா? இருந்தால் ஓரளவு வழி உண்டு. புள்ளி தனிக் குறியீடு என்பது இங்கே உதவிக்கு வருகிறது. பெயரின் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டுத் தேடுங்கள். 'முருகன' என்று தேடினால் முருகன், முருகனை, முருகனுக்கு, முருகனிடம் எல்லாமே சிக்கும்.

(?:^|[^ஃ-௺])(கயல்விழி|கயல|முருகன|செல்வி|செல்வ(?:ம|த்த))

மகரத்தில் முடியும் பெயர் 'செல்வத்திடம்' என்று மாறும், அதனால் அதற்கு இரண்டு கிளை. கயல்விழியைக் கயலுக்கு முன்னால் வைத்திருப்பதைக் கவனியுங்கள். பிசிஆர்ஈ வகை இன்ஜின்கள் இடமிருந்து முதலில் பொருந்தும் கிளையை எடுத்துக்கொள்ளும், 'கயல' முன்னால் இருந்தால் கயல்விழி எல்லோரும் கயல் ஆகிவிடுவார்கள். கிரெப், ஆக் போன்ற போசிக்ஸ் வழிக் கருவிகள் நீளமானதை எடுக்கும், அங்கே வரிசை பொருட்டல்ல. முன்னால் இருக்கும் அடைப்பு பாலமுருகனை முருகனாக எண்ணாமல் தடுக்கும்.

ஆழ்தரவு:

அருமையான உத்தி. ஆனால் தரவோடை, இதை எண்ணிக்கை அறிக்கைக்கு அடிப்படையாக வைக்காதீர்கள். 'செல்வ' என்று தேடும்போது 'செல்வமாக'கூட வரும். குறிப்பைத் தேடிப் படிக்க இது போதும். யார் எத்தனை வேலை செய்தார் என்று முடிவெடுக்கப் போதாது, ஒருவர் பெயரில் தவறான எண் ஏறினால் அதைக் கேட்கப்போவது அவரிடம். எல்லையே இல்லாத உரையில் பெயரைக் கண்டுபிடிப்பது மொழி ஆய்வு வேலை, அதற்கென்று பயிற்றுவித்த மாதிரிகள் இருக்கின்றன. அதைவிட எளிது, குறிப்பு எழுதும் படிவத்திலேயே 'யாரிடம் மாற்றப்பட்டது' என்று தனியாக ஒரு தேர்வுப் பெட்டி வைப்பது. அடுத்த மாதத்துத் தரவாவது சுத்தமாக வரும்.

நுண்துகள்:

மேலே வந்த பேட்டர்ன்களைப் பார்த்துவிட்டு யாராவது இப்படி எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது:

((?:[ஃ-௺]+\.? ?)+),

முதலெழுத்து, புள்ளி, இடைவெளி, பெயர் எல்லாவற்றுக்கும் பொருந்தும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஒரு கூட்டல், வெளியே ஒரு கூட்டல். கடைசியில் கமா இல்லாத நீண்ட வரி ஒன்று வந்தால், அந்த எழுத்துகளை எத்தனை விதமாகப் பிரிக்க முடியுமோ அத்தனையும் இன்ஜின் முயன்று பார்க்கும். எழுத்து ஒன்று கூடினால் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் சேவை உலகம் முழுக்க 27 நிமிடம் தடைபட்டதற்கு இந்த வகை ரெஜெக்ஸ் ஒன்றுதான் காரணம். 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் விழுந்ததும் இதே வழியில்தான், வரியின் முன்பின் இடைவெளியை வெட்டும் சாதாரண பேட்டர்ன் அது. கூகுளின் ஆர்இ2 இன்ஜினில் இந்த ஆபத்து இல்லை, பதிலுக்கு முன்னோக்கு பின்னோக்கு அடைப்புகள் (முன்பின் இருப்பதை எடுக்காமல் பார்க்க மட்டும் செய்பவை) அதில் கிடையாது. [^,]+ ஒன்றை மட்டும் வைத்து எழுதினால் எந்த இன்ஜினிலும் கவலையில்லை.

வேகத்துக்கு இன்னொன்று, ரெக்ஸ் கட்டளைக்கு முன்னாலேயே தேடலில் 'நுழைவு' என்ற சொல்லைப் போட்டுவிடுங்கள். தேவையில்லாத நிகழ்வுகள் ரெஜெக்ஸ் வரைக்கும் வராது.

தரவோடை:

நன்றி. தேர்வுப் பெட்டி யோசனையைக் குழுவில் வைக்கிறேன். ஒரு சின்னச் சந்தேகம், இதையே எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் கருவியின் ரெஜெக்ஸ் வினவலில் போடலாமா?

ஆழ்தரவு:

அங்கே அது வேறு வேலைக்கானது. ஆவணத்தைத் தேர்ந்தெடுக்கும், துண்டை வெட்டித் தராது. பேட்டர்ன் சொல் முழுவதுக்கும் பொருந்த வேண்டும், பாதியில் பொருந்தினால் ஏற்காது. டெக்ஸ்ட் வகை ஃபீல்டாக இருந்தால் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு சொல்லின் மேல்தான் ஓடும், முழு வரியின் மேல் அல்ல. தரவு உள்ளே நுழையும்போதே கிராக் (உரையைப் பேட்டர்ன் வைத்து ஃபீல்டுகளாகப் பிரிக்கும் வசதி) போட்டுப் பெயரைத் தனி ஃபீல்டாக்கிவிடுங்கள்.

இணையத்தில் இருக்கும் ரெஜெக்ஸ் சோதனைப் பக்கங்களில் உண்மையான குறிப்புகளை ஒட்டாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மாலைநிரல் செய்தது போலப் பெயரை மாற்றிவிட்டுச் சோதியுங்கள்.

மாலைநிரல்:

எல்லோருக்கும் நன்றி. இப்போது தேடல் இப்படி ஓடுகிறது: 'நுழைவு' என்று வடிகட்டி, ஆழ்தரவு அண்ணா கொடுத்த இரு கிளைப் பேட்டர்ன், கோயலஸ், இடைவெளி வெட்டல், லுக்கப், எண்ணிக்கை. பெயர் காலியாக வந்த வரிகளைத் தனியாகப் பார்த்தேன். எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன:

நுழைவு விவரம்=… நீண்ட உரை … பயனர்="கயல்விழி செல்

மூடும் மேற்கோளே இல்லை. வரி அங்கேயே முடிகிறது. மூடும் மேற்கோளுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு இதையும் சேர்த்துக்கொள்ளட்டுமா?

ஆழ்தரவு:

வேண்டாம். சேர்த்தால் 'கயல்விழி செல்' என்று ஒரு புது ஆள் அறிக்கையில் வருவார், உண்மையான கயல்விழியின் எண்ணிக்கை குறையும். காலியாக வந்தவற்றை 'பெயர் முழுமையில்லை' என்று தனி வரிசையாகவே காட்டுங்கள்.

செய்தி ஃபீல்டுக்கு நீள வரம்பு இருக்கிறதா என்று நிரல் எழுதியவரிடம் கேளுங்கள். வரம்பு பைட்டில் இருந்தால் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'கயல்விழி' என்ற பெயருக்கே 24 பைட் ஆகிவிடும். 256 பைட் வரம்பென்றால் 85 குறியீட்டில் வரி வெட்டுப்படும், ஆங்கிலத்தில் சோதித்தவருக்கு அது கண்ணில் பட்டிருக்காது. வரம்பை உயர்த்த முடியாவிட்டால் பயனர் பெயரை விவரத்துக்கு முன்னால் எழுதச் சொல்லுங்கள்.

மாலைநிரல்:

கேட்டேன். வரம்பு பைட்டில்தான் இருக்கிறது. அடுத்த வெளியீட்டில் பயனர் பெயரை முன்னால் கொண்டுவருகிறார்கள், கூடவே பயனர் எண்ணையும் தனி ஃபீல்டாக எழுதுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்த வரிகள் தனி வரிசையிலேயே இருக்கும்.